வைகையில் துடுப்புப் போட முடியுமா?

சென்னையில் வேலை பார்க்கும் என் மச்சான், காற்றடைத்தால் படகாகிவிடும் கயாக் ஒன்றை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு ஒரு கார்த்திகை மாதம் ஊருக்கு வந்தான். வைகையில் தண்ணீர் போகிறது என்று செய்தியில் பார்த்திருக்கிறான். மதுரையில் கோச்சடைப் பக்கம் இறங்கி, மிதந்துகொண்டே விரகனூர் மதகணை வரை போய்விடலாம் என்பது அவன் திட்டம். பம்பு வைத்துக் காற்றடிக்கவே அரைமணி நேரம் ஆனது. தண்ணீரில் இறக்கி ஐம்பது அடிகூடப் போயிருக்க மாட்டோம், அடியில் மணல் தட்டிவிட்டது. இறங்கித் தள்ளினோம். ஏறினோம். மறுபடி தட்டியது. எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, அதத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு நடந்தா வெரசாப் போயிரலாமே" என்றார்.

கேலிதான். ஆனால் வைகையைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆற்றங்கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் ஊர், கொடியில் மீன் வைத்திருந்த அரசர்களின் ஊர், மீன்கண்ணியின் ஊர். இங்கே துடுப்புப் போடுகிறவர் ஒருவரையும் காணோமே, ஏன்? மணல் அள்ளியதால், அணை கட்டியதால், சாக்கடை கலந்ததால் என்று பதில் சொல்லிவிடலாம். மூன்றும் உண்மைதான். ஆனால் அவை மூன்றும் இல்லாத காலத்திலும் வைகை படகாறு ஆகவில்லை. அதற்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. மீனும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துவிடுவோம். வைகை அணையிலிருந்து விநாடிக்கு 1,000 கனஅடி திறந்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. கேட்க நிறைய மாதிரி இருக்கும். மதுரைக்குள் ஆற்றின் அகலம் 650 அடி, தண்ணீர் விநாடிக்கு ஒன்றரை அடி வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பார்த்தால் ஆழம் சுமார் ஓர் அடி வரும். அதுவும் ஆற்றுப்படுகை பலகை மாதிரிச் சமமாக இருந்தால்தான். நிஜத்தில் தண்ணீர் இரண்டு மூன்று ஓடையாகப் பிரிந்து, ஓரிடத்தில் முழங்காலும் அடுத்த இடத்தில் கணுக்காலுமாகப் போகும். இரண்டு பேர் உட்கார்ந்த கயாக் அரை அடி அமிழும். மணல் தட்டாமல் என்ன செய்யும்?

அதே ஆற்றில் 10,000 கனஅடி வந்தால் வேகமும் கூடிவிடும். விநாடிக்கு ஐந்து அடி என்று வைத்தால் ஆழம் மூன்றடி. இடுப்பளவுதானே என்று தோன்றும். அந்த வேகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க முடியாது, ஆளைத் தூக்கிவிடும். ஆக, ஒன்று படகு தரை தட்டும், இல்லாவிட்டால் ஆளை அடித்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் படகு விடத் தோதான நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தத் தண்ணீரும் மதுரைக்காக வருவதில்லை. இது நகரத்து ஆட்களுக்குச் சரியாகப் புரிவதே இல்லை. 1959 ஜனவரியில் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்த்தேக்க அளவு 71 அடி. அதில் கணிசமான பங்கு, பென்னிகுயிக் கட்டி 1895இல் முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிற தண்ணீர். அணையிலிருந்து விடும் தண்ணீரில் பெரும்பகுதி மதுரையைத் தொடுவதற்கு முன்பே, மேற்கே பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குத் திரும்பிவிடுகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோக நிலம், அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கத்து ஒருபோக நிலம் எல்லாம் அந்தக் கால்வாயை நம்பித்தான் இருக்கின்றன.

மதுரைக்குள் ஓடி வருவது பெரும்பாலும் பூர்வீகப் பாசனத் தண்ணீர், அதாவது வைகையில் பழைய காலத்திலிருந்தே உரிமை உள்ள நிலங்களுக்கானது. ராமநாதபுரத்துக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்பது முறை. கடைசிப் பங்குதாரருக்குத்தான் பெரிய பங்கு, அதனால் தண்ணீர் நகரத்தை வேகமாகக் கடந்து கீழே போயாக வேண்டும். ஏ.வி. பாலத்தில் நின்று நாம் வேடிக்கை பார்ப்பது பரமக்குடிக்காரரின் தண்ணீரை. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்குத் திறக்கும் தண்ணீர்தான் விதிவிலக்கு.

மழைக்காலத்தில் இன்னொரு கணக்கு உண்டு. அணை 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. மூன்றாவது வந்துவிட்டால் வருகிற உபரி அப்படியே ஆற்றில் வெளியேறும். கயாக் வைத்திருப்பவர் கையில் இந்த மூன்று எண்களும் இருக்க வேண்டும், எப்போது ஆற்றுக்குப் போகக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்காக.

சரி, பழைய காலத்தில் எப்படி? சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வையையைக் கடக்கிற இடம் இருக்கிறது. துறையில் குதிரைமுக ஓடம், யானைமுக ஓடம், சிங்கமுக ஓடம் எல்லாம் போய் வந்துகொண்டிருக்கின்றன. இவர்கள் அவற்றில் ஏறவில்லை. சாதாரண மரப்புணையில் தென்கரைக்குப் போகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் நான் யோசிப்பது ஒன்றுதான்: இந்த ஓடங்கள் எல்லாம் குறுக்கே போகிறவை. இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆளை ஏற்றி இறக்குபவை. ஆற்றோடு மேலும் கீழும் பொதி ஏற்றிப் போகும் படகு அந்தக் காட்சியில் இல்லை. இன்று கிடைக்கும் பரிபாடல்களில் எட்டு வையையைப் பாடுகின்றன. அவற்றில் கொண்டாட்டமே புதுவெள்ளம் வந்த சேதியும் ஊரே திரண்டு போய் நீராடுவதும்தான். எப்போதும் நிறைந்து ஓடும் ஆறாக இருந்தால் வெள்ளம் வந்ததற்கு அப்படியொரு பரபரப்பு எதற்கு? வருசத்தில் சில நாள் வருகிற விருந்தாளிக்குத்தான் அந்த வரவேற்பு.

அந்த விருந்தாளியை வந்தவுடன் பிடித்து உட்கார வைக்கிற ஏற்பாடுதான் கண்மாய் என்கிற பாசன ஏரி. வருசநாட்டு மலையில் தொடங்கி 258 கிலோமீட்டர் ஓடுகிற வைகை, வழியெல்லாம் இருபுறமும் கால்வாய் பிரிந்து நூற்றுக்கணக்கான கண்மாய்களுக்குள் போகிறது. எஞ்சியது ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்கிறது. கடலுக்கு என்று மிஞ்சுவது வெள்ள காலத்து உபரிதான். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடல் என்பதால் வையை அதில் கலப்பதில்லை என்று ஒரு பழம்பாட்டு சாக்குச் சொல்லும். உண்மையில் ஆற்றைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்துக் கண்மாயில் சேர்ப்பதுதான் இந்தச் சீமையின் பொறியியலே. ஆறு காய்ந்து கிடந்தால் கண்மாய் நிறைந்திருக்கிறது என்று ஒரு காலத்தில் அர்த்தம். கல்வெட்டுகளில் இந்த நகரத்தின் முகவரியே 'மாடக்குளக்கீழ் மதுரை'தான். அதாவது மாடக்குளம் கண்மாய்க்குக் கீழே உள்ள மதுரை. ஆற்றை வைத்து ஊருக்கு அடையாளம் சொல்லாமல் கண்மாயை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் படகு, வலை, தூண்டில் என்று தேடிப் போகிறவர் ஆற்றங்கரையை விட்டுக் கண்மாய்க் கரையில் ஏற வேண்டும்.

அங்கே பார்க்கிற படகு சுற்றுலாப் படத்தில் வருகிற மாதிரி இருக்காது. லாரி டியூபில் காற்றடித்து நடுவில் பலகை கட்டியிருப்பார்கள். அல்லது டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிகளில் வரும் தெர்மாகோல் அட்டைகளை அடுக்கி, உரச்சாக்கைச் சுற்றித் தைத்து, நைலான் கயிற்றால் இறுக்கியிருப்பார்கள். அதன் மேல் ஒரு ஆள் சம்மணம் போட்டோ குப்புறப் படுத்தோ, இரண்டு கையிலும் கைக்கொரு சின்னப் பலகையை வைத்துத் துழாவிக்கொண்டு போவார். 2017இல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் விரித்து, அது காற்றில் கரை ஒதுங்கிய கதையை நாடே சிரித்தது. தெர்மாகோலைத் தண்ணீரில் எப்படிப் பயன்படுத்துவது என்று இந்தக் கண்மாய்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வைகை அணைக்குள் மீன்பிடிக்கிறவர்கள் பரிசல் வைத்திருக்கிறார்கள். மூங்கில் பிளாச்சில் பின்னித் தார் பூசிய வட்டப் பரிசல். ஃபைபர் பரிசலும் வந்துவிட்டது. சாயங்காலம் போய், மெல்லிய நரம்பில் பின்னிய தங்கூசி வலையை விரித்துவிட்டு விடிகாலையில் எடுக்கப் போவார்கள்.

மீன் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் எல்லா விவகாரமும். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் என்பது பொது வழக்கம். மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடுவார்கள். அலுவலகக் காகிதத்தில் இதற்குப் பெயர் மீன்பாசிக் குத்தகை. வெளியூர்க்காரர் கேட்டால் பாசிக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்பார். பழைய சொல் அது. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே 'பாசிப்பாட்டம்' என்று குளத்து மீனுக்கான வரி வருகிறது. குளத்து மீனில் வந்த காசைக் குளத்தைத் தூர்வாரவே செலவிட்ட ஏற்பாடுகளும் அந்தக் காலத்தில் இருந்திருக்கின்றன. மீன் விற்ற காசு கரையைக் கட்டும், கரை தண்ணீரை நிறுத்தும், தண்ணீர் மீனை வளர்க்கும். அந்த வட்டம் இன்று அறுந்துவிட்டது. குத்தகைப் பணம் ஒரு கணக்கில் வரவு வைக்கப்படும், மராமத்து வேறொரு திட்டத்தில் வர வேண்டும். தண்ணீர் திறந்துவிடும் மடை உடைந்தால் அதே கண்மாயில் பிடித்த மீன் காசை எடுத்து அடைக்க ஊராரால் முடியாது. என் பார்வையில், கண்மாய்கள் மேடேறிப் போனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான்.

குத்தகைக்காரர் விடுகிற மீன் ஒரு வகை, கண்மாயில் தானாக வருகிற மீன் வேறு வகை. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிச் சண்டை புரிந்துவிடும். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வடக்கத்தி ஆற்று மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும், தேங்கிய கண்மாயில் இடாது. 1957 ஜூலையில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி ஊசி மூலம் ஹார்மோன் செலுத்தி இந்த வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதற்குப் பிறகுதான் பண்ணையில் குஞ்சு பொரித்து ஊர் ஊராகக் கண்மாயில் கொண்டுபோய் விடுவது சாத்தியமானது. ஆக, குத்தகைக்காரர் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார். வெடி போட்டு நீர்க்காகத்தை விரட்டுகிறார், ராத்திரிக் காவல் போடுகிறார். அவருக்குக் கண்மாய் ஒரு பண்ணை.

ஊர்க்காரருக்கு அது அப்படி இல்லை. விரால், குரவை, கெளுத்தி, உளுவை, ஆரால், அயிரை எல்லாம் யாரும் வாங்கி விட்டவை இல்லை. முதல் தண்ணீர் வரும்போது கால்வாய் வழியாக வந்து சேர்பவை. கண்மாய் பெருகி மறுகால் போகும்போது, அதாவது உபரித் தண்ணீர் கலுங்கு என்ற வடிகால் வழியாக வெளியேறும்போது, விழுகிற தண்ணீரை எதிர்த்து மீன் துள்ளித் துள்ளி ஏறும். ஏத்துமீன் என்பார்கள். அங்கே பரி என்ற மீன்கூண்டை வைத்துவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் குழம்புக்கு ஆகிவிடும். பையன்கள் தூண்டில் போடுவார்கள். மூங்கில் குச்சி, நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, முள்ளில் மண்புழு. மண்புழு கிடைக்காத கோடையில் பிசைந்த மைதா உருண்டை. "தூண்டி போடக் கூடாது" என்று குத்தகைக்காரரின் ஆள் சத்தம் போடுவார். "ஒங்க கட்லாவ நாங்க தொடல, எங்க கெளுத்தியத்தான் பிடிக்கிறோம்" என்று பையன் சொல்வான். தூண்டிலுக்கு என்ன தெரியும், எது யார் மீன் என்று.

இந்த இரண்டு உரிமையும் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஊர் கண்டுபிடித்த வழிதான் அழிகண்மாய். பத்திரிகையில் மீன்பிடித் திருவிழா என்று போடுவார்கள். மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம், சிங்கம்புணரி வட்டாரத்தில் மாசி பங்குனியிலிருந்து வைகாசி வரை, அறுவடை முடிந்து தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் நடக்கும். முன்பெல்லாம் தண்டோரா, இப்போது வாட்ஸ்அப். விடிவதற்கு முன்பே பக்கத்து ஊர் ஆட்கள் சரக்கு வண்டி பிடித்து வந்து கரையைச் சுற்றி நிற்பார்கள். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே பாய்ச்சல். கையில் ஊத்தா, கச்சா, வலை, ஒன்றும் இல்லாதவன் கையில் கொசுவலை. ஊத்தா என்பது அடிப்பாகம் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் அமுக்கி, மேல் வாய்க்குள் கைவிட்டு உள்ளே அகப்பட்ட மீனைத் துழாவி எடுக்க வேண்டும். கெளுத்தியின் முள் குத்தினால் அன்று முழுக்கக் கடுக்கும். கைக்கு வருவது மீனா தண்ணிப்பாம்பா என்ற சந்தேகமும் விளையாட்டில் சேர்த்தி.

பிடித்தவனுக்கே மீன். சாதி, ஊர் கேட்பதில்லை. அன்று பிடித்ததை விற்கக் கூடாது, ஆக்கித்தான் தின்ன வேண்டும் என்று பல ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. கண்மாயை அழித்தால்தான் அடுத்த மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை. மழையைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் ஆயிரம் பேர் உள்ளே இறங்கி மிதித்த கண்மாய் காய்ந்ததும் வண்டல் வெட்ட லேசாக இருக்கும், அந்த வண்டல் வயலுக்குப் போகும், வெட்டிய இடத்தில் அடுத்த வருசம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். நம்பிக்கையை உண்டாக்கியவர் விவரமான ஆள்தான். முழுக்கக் குத்தகைக்குப் போன கண்மாய்களில் இந்த நாள் இல்லாமல் போய்விடுகிறது. அல்லது குத்தகைக்காரர் வலை இழுத்துக் கட்லாவை அள்ளிய பிறகு மிச்சத்தை ஊருக்கு விடுகிறார்.

மீன்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரையில் மீன் என்றால் அயிரைதான். விரல் நீளம்கூட இருக்காது. உயிரோடு தண்ணீரில் வைத்துத்தான் விற்பார்கள், செத்தால் மதிப்பில்லை. மண்சட்டியில் போட்டு உப்புப் போட்டு உரசிக் கழுவி, முழுசாகக் குழம்பில் விடுவார்கள். அடியில் மணலோடும் வண்டலோடும் கிடந்து மேய்கிற மீன் அது. ஆற்று மணலை அள்ளிவிட்டுக் களிமண்ணையும் பாறையையும் சீமைக்கருவேலத்தையும் விட்டுவைத்தால் அதற்கு அங்கே என்ன வேலை? மெஸ்களில் அயிரைக் குழம்பு விலை ஏறிக்கொண்டே போவதற்கு மசாலா காரணம் இல்லை.

விரால் வேறு ரகம். தலைக்குள் காற்றைச் சுவாசிக்கிற அறை இருப்பதால் அவ்வப்போது மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுப் போகும். தண்ணீர் கெட்டாலும் தாங்கும், கண்மாய் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் சிவப்பாக ஒரு கூட்டம் தண்ணீரில் கொதிப்பது போல் தெரியும். கீழே பெரிய விரால் காவலுக்கு நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தூண்டிலைப் போட்டால் கட்டாயம் சிக்கும். ஆனால் அந்த ஒரு மீனோடு முழுக் குஞ்சும் போச்சு. தெரிந்தவர்கள் போட மாட்டார்கள்.

நகரத்துக்குள் தூண்டில் போட்டால் மாட்டுவது பெரும்பாலும் ஜிலேபி. ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்கு வந்தது. வாயில் வைத்தே குஞ்சைக் காப்பாற்றும், எந்தத் தண்ணீரிலும் பெருகும், பெருகப் பெருக அளவில் சிறுத்துப்போகும். அதைவிடத் தொல்லை தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி. கோழிக்கழிவைப் போட்டு வளர்ப்பார்கள். மழையில் குட்டை உடைந்து கண்மாய்க்குள் வந்துவிட்டால் அயிரையிலிருந்து விரால் குஞ்சு வரை எதையும் விடாது.

மதுரை நகரத்துக்குள் என்ன இருக்கிறது? ஆற்றில் தடுப்பணை கட்டித் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். நிலத்தடி நீர் ஊறும் என்பது நோக்கம், நல்ல நோக்கம்தான். அணையில் நீர் திறக்காத மாதங்களில் அங்கே வந்து தேங்குவது எது என்பதுதான் கேள்வி. கழிவுநீர் சேர்ந்தால் அதில் உள்ள சத்தைத் தின்று ஆகாயத்தாமரை மூடுகிறது. மூடினால் வெயில் உள்ளே போகாது, உயிர்வளி குறையும், விடிகாலையில் மிகவும் குறையும். மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதந்தால் காரணம் அதுதான். அங்கே பிடித்த ஜிலேபியை வாங்கலாமா என்று கேட்டால், நான் வாங்குவதில்லை.

கிருதுமால் நதியின் கதை இன்னும் மோசம். பாகவத புராணத்தில், திருமால் மீனாக அவதரித்துச் சத்தியவிரத மன்னனின் உள்ளங்கைக்கு வந்தது கிருதமாலை ஆற்றில். அது மதுரையின் கிருதுமால்தான் என்று கூடலழகர் கோயில் தலபுராணம் சொல்லும். இன்று அது நகருக்குள் சாக்கடையாக ஓடுகிறது. மச்ச அவதாரம் நடந்த தண்ணீரில் இன்று பிழைக்கக்கூடியது கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மட்டும்தான். இன்னொரு பக்கம், மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்காது. நாரை ஒன்று சிவனிடம் அப்படி வரம் வாங்கிவிட்டது என்பது திருவிளையாடல். அந்த நாரை கிருதுமாலுக்கு வரம் கேட்டதாகக் கதை இல்லை.

படகில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்கிறவருக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது, ஏறத்தாழ 1,000 அடிக்கு 950 அடி. பல ஆண்டுகள் வறண்டு கிடந்து, தைப்பூசத்துக்கு மிதக்காத நிலைத்தெப்பமாகவே விழா நடத்திய காலம் உண்டு. குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடியதை என் வயதுக்காரர்கள் எல்லாம் பார்த்திருப்போம். பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் மறுபடி வந்த பிறகு படகுச் சவாரியும் வந்தது. ஆனால் அந்தக் குளத்தின் நிஜமான படகு தெப்பம்தான். சாமியை ஏற்றிக்கொண்டு மைய மண்டபத்தைச் சுற்றும். அதற்கும் துடுப்பு கிடையாது. கரையில் நின்று பக்தர்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். தேர் இழுத்துப் பழகிய ஊர், தண்ணீரிலும் தேர்தான் இழுக்கிறது.

ஒரு காலத்தில் மதுரை கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்சுக்கும் இந்த மண்ணில் படகு விட இடம் கிடைக்கவில்லை போலும். 1863இல் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கி, தூத்துக்குடியிலிருந்து படகைக் கொண்டுவந்து விட்டார். தேக்கடியில் சுற்றுலாப் படகு ஓடுவதும் கிட்டத்தட்ட நம் தண்ணீரில்தான், பெரியாறு அணை தேக்கிய ஏரி அது. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ஓர் இரட்டை அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததாகச் சொல்லப்பட்டது. உடம்பில் மிதவை உடுப்பு இல்லை. படகில் ஏறுகிற யாருக்கும் இந்த ஒரு சம்பவம் போதும். உடுப்பைக் கொடுக்காவிட்டால் ஏற வேண்டாம், கொடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு உட்காரவும் வேண்டாம்.

வைகைக்கு வேறு ஆபத்துகள் உண்டு. மணல் அள்ளிய குழி மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே போகிறவன் அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீருக்குள் போவான். தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் விழுகிற இடத்தில் சுழல் ஆளை உள்ளேயே பிடித்து உருட்டும், நீச்சல் தெரிந்தவனும் தப்புவது கஷ்டம். கண்மாயில் பயப்பட வேண்டியது மடையை. திறந்த மடைக்குப் பக்கத்தில் இழுப்பு இருக்கும். அப்புறம் தாமரைக்கொடி, வேலிக்கருவேல முள், யாரோ விரித்து மறந்த தங்கூசி வலை. காலில் சுற்றினால் உதறக் கூடாது, உதற உதற இறுகும். அசையாமல் மிதந்து கையால் எடுக்க வேண்டும்.

மச்சானின் கயாக்கை அடுத்த மாதம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கொண்டுபோனோம். மார்கழி, மறுகால் போய்க்கொண்டிருந்தது. குத்தகை எடுத்திருந்த அண்ணனிடம் போய்க் கேட்டோம். கயாக்கைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "வலைக்குக் குறுக்க போகாம, மடைப்பக்கம் வராம, எங்க வேணாலும் போங்க தம்பி" என்றார். இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டோம், ஓரிடத்திலும் தட்டவில்லை. கரைக்கு வந்தபோது அவர் தெர்மாகோல் மிதவையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். "இது என்ன வெல வரும்?" என்று மச்சானைக் கேட்டார். அவன் சொன்ன தொகையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "நாளைக்கு ஒரு நாள் குடுங்க, வல எடுத்துட்டுத் தாரேன்" என்றார்.